பேராசிரியையின் தாள்களை என்ன செய்வது?

கேள்வி: அறவியல், சமயம், பெண்ணுரிமை மூன்றிலும் பெயர்பெற்ற எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியை மறைந்துவிட்டார். நூல்களும் கையெழுத்துக் குறிப்புகளும் அவர் வீட்டு இரண்டாங்கட்டில் கிடக்கின்றன. நினைவு மலர் போடலாமா?
– ஒரு மாணவி, தேவகோட்டை

பதில்: மலர் அப்புறம் ஆகட்டும், முதலில் தாள்களைக் காப்பாற்றுங்கள். எதையும் நகர்த்துமுன் அலமாரியைத் தட்டுத்தட்டாகப் படமெடுங்கள். எந்த நூலுக்குள் எந்தக் குறிப்பு இருந்தது என்பதில்தான் அவர் யோசித்த வழி தெரியும். யாராவது துடைத்து அடுக்கிவிட்டால் போச்சு. குண்டூசிகளைக் கழற்றுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். பசை பழுப்பேறி எழுத்தை மறைக்கும். லாமினேஷன் அதைவிடக் கேடு. ஈரத்தை வெயிலில் காயவைத்தால் மை வெளிறும், மின்விசிறிக் காற்றே போதும். ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் பென்சில் ஓரக்குறிப்புகள் காணாமல் போகும்.

அவர் இருந்தபோதே வெளியான எழுத்துகளுக்குப் பதிப்புரிமை, மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். மலரில் அச்சிட வாரிசுகளிடம் எழுதி வாங்குங்கள். பெண்கள் தம் குடும்பத் துயரை எழுதிய கடிதங்கள் இருந்தால் தனியே கட்டி வையுங்கள். அவை மலருக்கு அல்ல.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தமிழ் நூல் சேகரிப்புதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நீங்களும் நூலகத்துக்குக் கொடுப்பதானால், பட்டியல் போட்டு, இரு படிகளில் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள்.