ஒரே பில்லுல பத்து ஐட்டம், எப்படி சேமிக்கிறது?

கேள்வி: மளிகைக்கடைக்கு ஆப்ஷீட்ல (கோடிங் இல்லாம ஆப் செய்யுற கூகுள் கருவி) பில் ஆப் பண்றேன், ஒரு பில்லோட எல்லா ஐட்டத்தையும் கூகுள் ஷீட்ல ஒரே செல்லுல கமா போட்டு வைக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாங்க, எந்த சரக்கு எவ்வளவு வித்துச்சுன்னு அப்புறம் கூட்டவே முடியாம தவிப்பீங்க. பில்லுக்கு ஒரு ஷீட், ஐட்டத்துக்கு தனி ஷீட் வைங்க, ஐட்டம் ஷீட்ல பில் ஐடின்னு ஒரு காலம் (column) சேர்த்து, ஆப்ஷீட்ல அதோட டைப்பை ரெஃப்னு (வேற ஷீட்டோட வரியை சுட்டுற வகை) மாத்தி பில் ஷீட்டை காட்டிட்டு ‘இஸ் எ பார்ட் ஆஃப்’ ஆன் பண்ணிட்டீங்கன்னா பில் ஃபார்முக்குள்ளயே ஐட்டத்தை ஒவ்வொண்ணா சேர்க்கலாம், பில்லை சேவ் பண்றப்ப எல்லாம் சேர்ந்து போயிடும். ரெண்டு ஷீட்டுக்கும் கீ-க்கு, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியா அடையாளம் காட்டுற காலத்துக்கு (column), யுனிக்ஐடி ஃபங்ஷனை (தானா தனித்தனி கோடு போடுறது) இனிஷியல் வேல்யூவா குடுங்க. வரிசை நம்பரை மட்டும் கீயா வைக்காதீங்க, நடுவுல ஒரு வரியை அழிச்சா நம்பர் மாறி ஐட்டம் வேற பில்லுல போய் ஒட்டிக்கும். இன்னொண்ணு, பில்லை அழிச்சா அதோட ஐட்டமும் சேர்ந்தே போயிடும், பாத்து அழிங்க.