கார்ட்டில் போட்டால்தான் விலை தெரியும்

கேள்வி: புது சைக்கிள் வாங்க ஐந்தாறு ஆன்லைன் கடைகளைப் பார்த்தேன். இந்த வருட மாடல் எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒரே விலை. ஒரு தளத்தில் மட்டும் 'விலை அறிய கார்ட்டில் சேர்க்கவும்' என்று இருந்தது. ஆனால் அதில் வரும் அதே கியர் செட் தனியாக வேறொரு தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கடைக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு விற்கிறார்களா? மலிவு கியரை நம்பி வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் இது கடைக்காரர்கள் வேலையாக இருக்காது; மேலே இருக்கும் தயாரிப்பாளர் போட்ட கோடு. 'இதற்குக் கீழே விலை போட்டு விளம்பரம் செய்யாதே' என்று டீலர்களிடம் சொல்லிவிடுவார்கள். மீறினால் அடுத்த சரக்கு வராது. கவனியுங்கள், கட்டுப்பாடு விளம்பரத்துக்கு. கல்லாவில் வாங்கும் விலைக்கு அல்ல. அந்தச் சந்தில் நுழைந்ததுதான் நீங்கள் பார்த்த கார்ட் வித்தை. அதனால் கடைக்குப் போன் போட்டு, 'கடைசி விலை என்ன?' என்று கேளுங்கள். குறைக்காவிட்டாலும் பெடலோ பூட்டோ சேர்த்துக் கொடுப்பார்கள்.

இது சட்டப்படி சரியா என்றால், நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் குறைந்தபட்ச விற்பனை விலையை நிர்ணயிப்பதே 1911 தீர்ப்புப்படி, விளைவைப் பார்க்காமலே பொதுவாகச் சட்டவிரோதமாகக் கருதப்பட்டது. 2007-இல் ஒரு தோல்பொருள் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஒவ்வொன்றையும் அதனதன் விளைவை வைத்துப் பார்க்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறார். அங்கே விளம்பர விலைக்கு வரம்பு வைத்தாலும் சிக்கல்தான்.

தயாரிப்பாளர்கள் சொல்லும் நியாயம் இது: கடையில் ஏறி உட்கார்ந்து, சீட் உயரம் பார்த்து, மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் ஆன்லைனில் வாங்கினால் கடை எப்படிப் பிழைக்கும்? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவரும் அந்தச் சேவைக்கான காசைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே!

சரி, பாதி விலை கியர் செட். அநேகமாக அது சைக்கிள் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் போகும் சரக்கில் மிஞ்சியது. அச்சடித்த பெட்டி இருக்காது. வெறும் பழுப்பு அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை, சில சமயம் கையேடுகூட இருக்காது. பொருள் அசலாகவே இருக்கலாம், வாரண்டிதான் சந்தேகம். இன்னொரு வழி, வேறு நாட்டு விலைக்கு வாங்கி அனுப்புவது. பிரிட்டனின் விகிள், செயின் ரியாக்‌ஷன் தளங்கள் ஜப்பானின் கியர், பிரேக் தயாரிப்பாளரான ஷிமானோவின் பாகங்களை அமெரிக்காவுக்கு அப்படித்தான் மலிவாக அனுப்பிக்கொண்டிருந்தன. ஷிமானோவின் விநியோகக் கொள்கை மாறியதும் அது நின்றது.

செயின், பிரேக் கட்டை போல தேய்ந்து போகும் பொருளுக்கு நான் வாரண்டியைப் பார்க்க மாட்டேன். போலி இல்லை என்று தெரிந்தால் மலிவில் வாங்கிவிடுவேன். ஃபிரேம் அப்படியல்ல. பல பிராண்டுகள் அங்கீகரித்த டீலரிடம் வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டுமே ஃபிரேம் வாரண்டி தருகின்றன. பிராண்டின் தளத்தில் அந்தக் கடையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டி வந்ததும் தலைகீழாகத் திருப்பி, இரு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சு ஃபிரேமுக்குள் நுழையும் இடத்துக்கு அடியில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுரண்டியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அவசரமில்லை என்றால் அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாம். பழையதன் மீதிருந்த விலைக் கட்டுப்பாடு அப்போது பெரும்பாலும் தளர்ந்துவிடும். பல சமயம் மாறியிருப்பது பெயிண்ட் மட்டும்தான்.