கதவில் மாட்டிய புதுக் கைப்பிடி மேலே வராமல் தொங்குவது பற்றி

பூட்டை மாற்றாதீர்கள், முதலில் கைப்பிடித் தகட்டின் ஸ்குருக்களை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். நேற்றுதான் மாட்டினார்கள், அழுத்தினால் பாதியிலேயே தொங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் கார்பென்டர் டிரில்லை வைத்தே ஸ்குருவை இறுக்கியிருப்பார். இரண்டு பக்கத் தகடும் கதவை நெருக்க, நடுவில் ஓடும் சதுரக் கம்பி கோணலாகி உரசும்.

தளர்த்தியும் தொங்குகிறதா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டே (மூடினால் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள், நான் மாட்டியிருக்கிறேன்) இரண்டு கைப்பிடியையும் கழற்றி, கம்பியை மட்டும் பூட்டுக்குள் விட்டு பிளையரால் திருப்பி விடுங்கள். நாக்கு (கதவு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டின் முனை) டக்கென்று வெளியே வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது, மரத்தில் போட்ட துளைதான் சிறிது, அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். சோம்பலாக வந்தால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கிறது. பூட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் கைப்பிடி மையத்திலிருந்து சாவித்துளை மையம் வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 85 மி.மீ. நிறையக் கிடைக்கும், அதற்காக உங்களுடையதும் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று, கதவு மூடியிருக்கும்போது மட்டும் இப்படி என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஐப்பசி மழையில் மரம் ஊதி நாக்கு நிலைத் தகட்டில் (கதவு நிலையில் நாக்கு போய் நுழையும் தகடு) இடிக்கும், அங்கே உரசிய கோடு தெரியும். தகட்டைத்தான் நகர்த்த வேண்டும்.

அப்புறம், பெசன்ட் நகர் என்கிறீர்கள். கடல் காற்றுக்கு முலாம் பூசிய ஜிங்க் கைப்பிடி கொப்பளித்துவிடும், அடுத்த முறை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.