பி.எச்.டி. அட்மிஷன் முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

டிசம்பரில் எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்ததாகவும், பிப்ரவரி பாதி போன பிறகும் ஒரே ஒரு ரிஜெக்ட் தவிர எதுவும் வரவில்லை என்றும், ராத்திரித் தூக்கம் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதில் வராத மற்ற ஏழும் ரிஜெக்ட்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் இல்லை என்பதை விவரமாகச் சொன்னால் உங்கள் பதற்றம் முழுக்கப் போகாவிட்டாலும் கொஞ்சம் அடங்கும்.

நான் மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. செய்தேன். அங்கே கடைசி வருடங்களில் துறையின் அட்மிஷன் கமிட்டியில் மாணவர் பிரதிநிதியாகவும் இருந்தேன். உங்கள் நிலையில் தவித்ததும் உண்டு, அந்த மேஜையில் உட்கார்ந்து ஃபைல்களைப் படித்ததும் உண்டு. துறைக்குத் துறை வழக்கம் மாறும். நான் சொல்வது பெரும்பாலும் அறிவியல், பொறியியல் பக்கத்துக் கதை.

ராத்திரியிலிருந்தே தொடங்குகிறேன். குளிர்காலத்தில் நமக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை 9 மணிக்கு ஆபீஸ் திறந்தால் நமக்கு இரவு 7.30. மாலை 5 மணிக்குக் கிளம்பும்போது இங்கே விடியற்காலை 3.30. கலிபோர்னியா என்றால் இரவு 10.30 முதல் காலை 6.30 வரை. ஆக, உங்கள் தலையெழுத்தை யாரோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு சரியாகத் தூங்கப் போகும் நேரத்தில்தான் வந்து உட்காரும். இது உங்கள் மனப் பலவீனம் இல்லை, கடிகாரம் அப்படி. ஒன்று செய்யுங்கள். இரவில் மெயில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, காலையில் காபி குடித்த பிறகு ஒரே ஒரு தடவை மெயிலையும் போர்ட்டலையும் ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள். அதற்குள் அங்கே அன்றைய வேலை முடிந்திருக்கும், அதன் பிறகு இங்கே மாலை வரை புதிதாக வருவதற்கு அநேகமாக எதுவும் இருக்காது. சனிக்கிழமை காலையில் பார்த்துவிட்டால் திங்கள் இரவு வரை பார்க்க வேண்டியதே இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் ராத்திரி ரெண்டு மணிக்கே பதில் சொல் என்று கேட்காது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

கடைசித் தேதி டிசம்பர் 1 அல்லது 15 என்று இருந்திருக்கும். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரி தொடக்கம் வரை பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். மார்க் ஷீட் சரியா, மூன்று ரெக்கமண்டேஷன் லெட்டரும் வந்ததா என்று பார்ப்பதற்கே கொஞ்ச நாள் ஆகும். கமிட்டி ஜனவரியில்தான் உண்மையில் படிக்கத் தொடங்கும். ஒரு ஃபைலை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பிடுவார்கள். பிறகு கூட்டம். அந்தக் கூட்டத்தில் நான் பார்த்தது, நீங்கள் நினைப்பது போல 'இவர் தகுதியானவரா' என்ற விவாதம் சீக்கிரமே முடிந்துவிடும். நீண்ட நேரம் பேசப்படுவது பணமும் இடமும்தான்.

வேதியியல் துறையில் இளநிலை மாணவர்களின் லேப் வகுப்புகளை நடத்த டி.ஏ.க்கள், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பிக்க உதவும் பி.எச்.டி. மாணவர்கள், வேண்டும். அடுத்த வருடம் எத்தனை டி.ஏ. இடம் கிடைக்கும், எந்தப் பேராசிரியருக்கு கிராண்ட் என்ற ஆராய்ச்சி நிதி கிடைத்திருக்கிறது, யாருடையது முடியப்போகிறது, யார் புதிதாக மாணவர் எடுக்கப் போவதில்லை என்ற கணக்கெல்லாம் போட்டுத்தான் எத்தனை பேரை எடுக்கலாம் என்று முடிவாகும். ஆர்கானிக் பக்கம் இந்த முறை நிறையப் பேர் ஆகிவிட்டார்கள் என்பதற்காகவே ஒரு நல்ல ஃபைல் கீழே போவதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். அந்த மாணவர் அதைத் தன் எஸ்.ஓ.பி.யில், அதாவது விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கட்டுரையில், இருந்த ஏதோ ஒரு வாக்கியத்தின் தப்பு என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சின் பயிற்சி கிராண்ட்களில் வைத்து அந்த நாட்டுக் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் மட்டும்தான் எடுக்க முடியும். அதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமே இல்லை.

இனி நீங்கள் கேட்ட மௌனத்துக்கு வருகிறேன். படித்து முடித்ததும் ஃபைல்கள் மூன்றாகப் பிரியும். கண்டிப்பாக எடுக்க வேண்டியவர்கள், கண்டிப்பாக இல்லை என்பவர்கள், நடுவில் இருப்பவர்கள். முதல் பிரிவினருக்கு ஜனவரி கடைசியிலிருந்து ஆஃபர் போகும். இரண்டாவது பிரிவினருக்குச் சில இடங்களில் உடனே ரிஜெக்ட் வரும், சில இடங்களில் மார்ச், ஏப்ரல் வரை ஒன்றும் வராது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் எதுவும் சொல்ல மாட்டார்கள். வெயிட்லிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லும் துறைகள் உண்டு, சொல்லாமலே வைத்திருக்கும் துறைகளும் நிறைய. ஆஃபர் வாங்கியவர்கள் எல்லோரும் சேர மாட்டார்கள் என்று தெரிந்துதான் இடத்தைவிட அதிகமாகக் கொடுப்பார்கள். நினைத்ததைவிட அதிகம் பேர் வேண்டாம் என்றால் நடுவில் இருப்பவர்களிலிருந்து எடுப்பார்கள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை எழுந்தால்தானே அடுத்தவருக்கு இலை போடுவார்கள், அது மாதிரிதான்.

அந்த வரிசை எழுவதற்கு ஒரு தேதி உண்டு. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானம் ஒன்றில் ஏராளமான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வேண்டும் என்று மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் நாலைந்து ஆஃபர் கையில் வைத்திருப்பவர்கள் மார்ச் முழுக்க யோசிப்பார்கள், பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பார்ப்பார்கள், ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில்தான் மற்றவற்றை விடுவார்கள். அந்த இரண்டு வாரத்தில் நடக்கும் அசைவு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில்கூட நடக்காது. எனக்கு அட்மிட் வந்ததும் அந்த நாட்களில்தான், யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில்.

ஆகவே பிப்ரவரி நடுவில் பதில் வராததற்கு எந்த அர்த்தமும் இல்லை. மார்ச் கடைசியிலும் வரவில்லை, அதே துறையில் மற்றவர்களுக்கு வந்துவிட்டது என்றால் வாய்ப்பு குறைந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பொய் நம்பிக்கை உங்களுக்கு உதவாது. உயிரியல் மாதிரி இன்டர்வியூ வைத்து எடுக்கும் துறைகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே அழைப்பு போய்விடும் என்பதால் அங்கே கணக்கு கொஞ்சம் முன்னதாகவே தெரியும்.

கிராட்கஃபே மாதிரித் தளங்களில் தினமும் யார் யாருக்கு என்ன வந்தது என்று பார்க்கிறீர்களா? நானும் பார்த்தேன், யார்தான் பார்க்காமல் இருப்பார்கள். ஆனால் அங்கே எழுதுபவர்கள் விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதி. அட்மிட் வந்த சந்தோஷத்தில் எழுதுபவரும் ரிஜெக்ட் வந்த கோபத்தில் எழுதுபவரும்தான் கண்ணில் படுவார்கள். 'இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை' என்று தினமும் யாரும் பதிவு போடுவதில்லை. உங்களை மாதிரிக் காத்திருக்கும் பெரும் கூட்டம் அந்தப் பக்கத்தில் தெரியவே தெரியாது. போர்ட்டலில் ஸ்டேட்டஸ் வரி மாறியதை வைத்து ஜோசியம் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

பதற்றப்படாதே என்று சொல்பவர்கள்மேல் உங்களுக்கு எரிச்சல் வந்தால் அது நியாயம்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர் இந்தக் காத்திருப்பையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வை ஜூலையில் எழுதினால் முடிவு நவம்பரில்தான் வரும். அப்படிக் காத்திருந்த சட்ட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து அவர் குழு 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மனதைத் தேற்றிக்கொள்ள அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பதற்றத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அப்படித் தவித்தவர்கள், முடிவு வந்த பிறகு, நல்லதானாலும் கெட்டதானாலும், நன்றாகவே எதிர்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தவிப்பது கோளாறு இல்லை, அதை வலுக்கட்டாயமாக அமுக்க வேண்டியதும் இல்லை. ஓரளவு உதவுவது எது என்று அவர்களின் அடுத்த ஆய்வுகளில் தெரிந்தது, நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துபோகும் வேலை.

சினிமா பார்ப்பது அந்த வகையில் சேராது, ஒரு கண் ஃபோனில்தான் இருக்கும். கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எனக்கு அது கல்லூரி லேபில் ஜூனியர்களுக்குச் செய்முறைத் தேர்வுக்கு உதவுவதாக இருந்தது. பியூரெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. உங்களுக்கு அது பைத்தான் கற்பதாக இருக்கலாம், பாதியில் நிற்கும் ஆய்வுக் கட்டுரையாக இருக்கலாம், கேரம் போர்டாகவும் இருக்கலாம்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், 'சொந்தக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க' என்று. எனக்கு அந்த ஒரு வரி போதும். முடிவு வரும் மாதங்களும் தை, மாசி முகூர்த்த மாதங்களும் ஒன்றாக வந்து தொலைக்கும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு சித்தப்பாவாவது 'என்னப்பா, அமெரிக்கா எப்போ?' என்று கேட்பார். அவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் பக்கத்தில் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணமே ஏழெட்டாயிரம் ரூபாய், அதை எங்கே புரட்டினார் என்று நமக்குத் தெரியுமே. எங்கள் வீட்டில் நிலைமை மாறியது, ஏப்ரல் 15 என்ற தேதியை அப்பா அம்மாவிடம் விளக்கமாகச் சொன்ன பிறகுதான். அது வரைக்கும் எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, வந்தால் நானே முதலில் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு யார் கேட்டாலும் 'ஏப்ரல்லதான் தெரியும்' என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார். பெற்றோருக்கும் இது காத்திருப்புதான். எப்போது முடியும் என்று தெரியாததுதான் அவர்களை இன்னும் படுத்துகிறது.

இதற்கிடையில் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. ரெக்கமண்டேஷன் லெட்டர் மூன்றும் எட்டு போர்ட்டலிலும் ஏறிவிட்டதா என்று சரிபாருங்கள். ஒன்று விட்டுப்போயிருந்தால் பேராசிரியரிடம் நேரில் போய்ப் பணிவாக நினைவூட்டுங்கள். மார்ச் நடுவுக்குப் பிறகு, பதில் வராத துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு ஒரே ஒரு மெயில், நாலு வரி போதும்: என் பெயர் இது, விண்ணப்ப எண் இது, இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா, இடம் கிடைத்தால் சேர ஆர்வமாக இருக்கிறேன். கேட்டதால் யாரையும் நிராகரித்து நான் பார்த்ததில்லை, வாரா வாரம் கேட்டால்தான் சலித்துக்கொள்வார்கள். புதிதாகக் கட்டுரை ஏதாவது ஏற்கப்பட்டிருந்தால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.

உள்ளூர் வழியையும் மூடிவிடாதீர்கள். கேட் (GATE) தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், முடிவு மார்ச்சில் வரும். நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இங்கே ஒரு நல்ல லேபில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தவர்களின் ஃபைல் முந்தைய வருடத்தைவிடக் கனமாக இருப்பதைக் கமிட்டியில் பார்த்திருக்கிறேன்.

இப்போதைய நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் என்.ஐ.எச். தன் கிராண்ட்களில் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகையை (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கானது) 15 விழுக்காட்டோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. வழக்குகள் வந்து நீதிமன்றம் தடுத்தது என்றாலும், அந்தக் குழப்பத்தில் பல துறைகள் பி.எச்.டி. இடங்களைக் குறைத்தன, சில இடங்களில் கொடுத்த ஆஃபரையே திரும்பப் பெற்றார்கள். இதையெல்லாம் ஒரு மாணவரின் எஸ்.ஓ.பி. எப்படித் தடுத்திருக்க முடியும்?

தூக்கமின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, விபரீத எண்ணம் வந்தாலோ தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

உங்களுக்கு ஒன்றுக்கு மேல் ஆஃபர் வந்தால் ஏப்ரல் 15 வரை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்காதீர்கள். போக மாட்டேன் என்று உறுதியான இடத்துக்கு அன்றைக்கே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்காக இன்னொருவர் போர்ட்டலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.