சேர்ந்து உட்கார்ந்திருப்பது

அன்புள்ள சார்,

எனக்குத் தரங்கம்பாடிப் பக்கம். லுத்தரன் குடும்பம். நர்ஸ் வேலைக்காகப் போய் பர்மிங்ஹாமில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே இருக்கும்போதுதான் அம்மா இறந்துபோனார்கள். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சர்ச்சுக்குப் போனாலும் பாட வாய் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பீடம் கிடையாது, போதகர் கிடையாது, பாட்டு கிடையாது. வட்டமாக நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, காலமான தன் மனைவி வைத்த செடி இந்த வருடமும் பூத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் பதில் பேசவில்லை. அம்மா போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே மைக்கும் கீபோர்டுமாக இருக்கிறது, என்னால் ஒட்ட முடியவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன், அங்கே கிடைத்தது கிடைக்கவில்லை. அண்ணன், “சும்மா உட்கார்ந்திருக்கிறதெல்லாம் ஆராதனையா? அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

தனியாக உட்கார்ந்தபோது கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அது உங்கள் குறை இல்லை. குவேக்கர்களின் மௌனம் தனி ஆளுக்கானதே அல்ல.

நம் பக்கத்தில் மௌனத்துக்கு மரியாதை அதிகம். தாயுமானவர் மௌனகுருவிடம் உபதேசம் பெற்றவர். ஆலங்குடிக்கு வியாழக்கிழமை போகிற கூட்டமெல்லாம் பேசாமல் உபதேசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பார்க்கத்தான் போகிறது. ஆனால் இந்த இரண்டிலும் மௌனம் ஒரு குருவிடமிருந்து சீடனுக்கு வருகிறது. குவேக்கர் கூட்டத்தில் கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. 1652 வாக்கில் இங்கிலாந்தின் வடக்கே, குவேக்கர் வழியைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இதைத்தான்: கடவுள் ஒவ்வொரு மனிதரிடமும் நேராகவே பேசுவார், நடுவில் ஆள் தேவையில்லை. யாரிடம் எப்போது பேசுவார் என்று தெரியாததால் எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். மூச்சைக் கவனி, மனதை நிறுத்து என்கிற பயிற்சி எதுவும் கட்டாயமில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று உள்ளே ஏதாவது உந்தினால் எழுந்து சொல்லலாம், அது ஆணோ பெண்ணோ, படித்தவரோ படிக்காதவரோ, யாராக இருந்தாலும் சரி. அதற்கு யாரும் மறுப்போ ஆமாமோ சொல்வதில்லை, அந்தப் பேச்சு உள்ளே இறங்குவதற்கு நேரம் விடுகிறார்கள்.

உங்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் ஊரில் துக்க வீட்டுக்கு வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள், வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டாலும் கேட்பார்கள், கேட்காமலும் இருப்பார்கள், சுவரோரமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படி வந்து உட்காருகிறவர்களால்தான் துக்கப்பட்டவர் அந்த வாரத்தைக் கடக்கிறார். உங்களுக்கு அது கிடைக்கவே இல்லை. அம்மா போனபோது நீங்கள் அத்தனை தூரத்தில் தனியாக இருந்தீர்கள். உங்கள் அம்மா யாரென்றே தெரியாத அந்த மனிதர்கள் உங்களோடு பேசாமல் உட்கார்ந்தார்கள், பிறகு ஒருவர் தன் இழப்பைச் சொன்னார். அழுகை வராமல் எப்படி இருக்கும்?

அண்ணனின் கேள்வி நியாயமான கேள்விதான், அதைத் தள்ளிவிடாதீர்கள். 1664-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது, அரசு திருச்சபைக்கு வெளியே, வீட்டார் தவிர ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடினால் தண்டனை. மற்ற பல குழுக்கள் ரகசியமாகக் கூடின, குவேக்கர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள், கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். 1682-இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் சிறையில் இருந்தபோது பிள்ளைகள் தாங்களே கூடி உட்கார்ந்து கூட்டத்தை நடத்தினார்கள். வெறும் ஓய்வுக்காக யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள், இதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

பிரயோஜனம் என்று கேட்டால் அதுவும் இருக்கிறது, ஆனால் மெதுவாக நடந்தது. 1688-இல் அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் சில குவேக்கர்கள் அடிமை வைத்திருப்பது தவறு என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது குவேக்கர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒரே மனதாக வரும்வரை உட்கார்ந்து பேசுவார்கள், அதனால் ஜான் வுல்மன் போன்றவர்கள் வருடக்கணக்கில் அடிமை முதலாளிகளின் வீட்டுக்கே போய் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று அமெரிக்காவின் பிலடெல்பியா குவேக்கர்களின் வருடாந்திரக் கூட்டம் 1776-இல்தான் தீர்மானித்தது. அந்த எண்பத்தெட்டு வருடமும் அடிமையாகவே செத்துப்போனவர்களை நினைத்தால் இந்தப் பொறுமையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இங்கிலாந்தில் 1787-இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் குழு அமைத்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் குவேக்கர்கள். 1947-இல் அமைதிக்கான நோபல் பரிசும் அவர்களின் இரண்டு நிவாரண அமைப்புகளுக்குத்தான் போனது. பேசாமல் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் வேலையும் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் உங்கள் ஊர்ச் சர்ச் விஷயம். உலகத்தில் குவேக்கர்கள் அதிகமாக இருக்கும் நாடு கென்யா. அங்கே போதகரும் உண்டு, பிரசங்கமும் உண்டு, பாட்டும் பலமாக உண்டு. ஆகவே பாடுகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது என்ற எண்ணம் உங்களுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவும் அந்த வரிசையில் நின்று பாடியவராகத்தான் இருப்பார். இப்போதைக்கு உங்களுக்குப் பாட வரவில்லை, அவ்வளவுதான். வருகிற காலத்தில் வரட்டும், வராவிட்டாலும் பாவமில்லை.

மௌனத்துக்கு ஆள் தேடுங்கள். இரண்டு பேர் போதும். கட்டடமோ அனுமதியோ போதகரோ வேண்டாம் என்பதுதான் இந்த முறையில் பெரிய வசதி. உங்கள் தெருவிலேயே யாரையாவது இழந்தவர் ஒருவர் இருப்பார், அவர் முஸ்லிமாகவோ இந்துவாகவோ இருந்தாலும் என்ன, வெயில் இறங்கிய பிறகு ஒரு அரை மணி நேரம் என்னோடு உட்காருகிறீர்களா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் ஆரம்பத்தில் கஷ்டம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஒருவர் பேசினால் மற்றவர் ஆறுதல் சொல்ல வேண்டாம், இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அதுதான் ரொம்பச் சிரமம். முடிக்கும்போது அங்கே கை குலுக்குவார்கள், நீங்கள் கும்பிட்டுக்கொண்டாலும் சரி. சில மாதம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சரியாக வராவிட்டாலும் எழுதுங்கள்.