காந்தம் ஒட்டினால் நல்லதா, ஒட்டாவிட்டால் நல்லதா?

கேள்வி: யாழ்ப்பாணம் டவுனில் எவர்சில்வர் சட்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்கோ அக்கா, ஒட்டேல்லை. இதுதான் ஒறிஜினல்" என்றார். வீட்டில் இன்டக்ஷன் அடுப்பில் வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்துகிறதே தவிர தண்ணீர் சுடவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கொக்குவில்

பதில்: சட்டி கூடாது என்று சொல்ல முடியாது. உங்கள் அடுப்புக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். இன்டக்ஷன் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் உண்டாகும் காந்தப்புலம் சட்டியின் அடியிலேயே மின்னோட்டத்தைக் கிளப்பி அதைச் சுடவைக்கும். காந்தம் ஒட்டாத அடியில் இது சரிவராது. அலுமினியத் தாச்சியும் மண்சட்டியும் வேலை செய்யாததும் இதனால்தான்.

கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். 18/8 என்று போட்டிருக்கும் எவர்சில்வரில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். அது காந்தத்தில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த மலிவுச் சாமானும் ஒட்டாதே! அதுபோல, குசினியில் மீன் வெட்டுகிற எவர்சில்வர்க் கத்தி 'டக்' என்று ஒட்டும். அதற்காக அது கூடாத கத்தியா? காந்தத்தால் தரம் பார்க்க முடியாது.

அடுத்தமுறை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். சட்டியைக் கவிழ்த்து, நடு அடியில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் வைக்காதீர்கள், சில சட்டிகளுக்கு அடியில் மட்டும் ஒட்டுகிற தகடு வைத்திருப்பார்கள். காந்தம் இறுகப் பிடிக்க வேண்டும், சும்மா வழுக்கிக்கொண்டு நின்றால் போதாது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டமே சொல்கிறது. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

கேள்வி: தங்கச் சங்கிலியையும் இப்படிப் பார்க்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: சங்கிலி ஒட்டினால் சந்தேகப்படுங்கள். கொக்கி மட்டும் ஒட்டினால் பயப்படாதீர்கள், உள்ளே சின்ன உருக்கு ஸ்பிரிங் இருக்கலாம். ஒட்டாவிட்டால்? செம்பும் பித்தளையும் வெள்ளியும்கூட ஒட்டாது. அதனால் உரைத்துப் பார்த்து, கரட்டும் நிறையும் எழுதிய பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.