கேள்வி – பதில்: வீட்டு ப்ரொஜெக்டருக்கு வெப்பம் தடுக்கும் கண்ணாடி

150 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கும் 15.6 அங்குல மானிட்டர் பேனலும் வைத்து ப்ரொஜெக்டர் செய்கிறேன். பேனலுக்கு முன்னால் சூட்டையும் புற ஊதாவையும் தடுக்கும் கண்ணாடி வேண்டும். ரிச்சி தெருவில் நாலைந்து கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. சென்னையில் எங்கே தேடுவது?
– வாசகர், பெரம்பூர்

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் ஒரே கண்ணாடியைக் கேட்டால் கடைக்காரர் விழிக்கத்தான் செய்வார். தனித்தனியாகத் தேடுங்கள்.

புற ஊதா சுலபம். விளக்கை ஃப்ளட் லைட்டோடு வாங்கியிருந்தால் அதன் முகப்புக் கண்ணாடியைத் தூக்கி எறியாதீர்கள். இரு முனை மெட்டல் ஹேலைடு குழாயின் வெளி உறை பெரும்பாலும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் புற ஊதாவை வெளியே விட்டுவிடும். தோலையும் கண்ணையும் எரிக்கும் குட்டை அலைகளை நிறுத்துவது அந்த முகப்புக் கண்ணாடிதான். அதைக் கழற்றிவிட்டு விளக்கோடு மல்லுக்கட்டினால், ராத்திரி வெல்டிங் பார்த்த கண் மாதிரி மணல் போட்டு உறுத்தும். அது டஃபன்டு கண்ணாடி என்பதால் அளவுக்கு வெட்ட முடியாது, வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடும். முழுசாகவே பொருத்துங்கள்.

ஆனால் சாதாரணக் கண்ணாடி சுமார் 320 முதல் 380 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாவில் பெரும்பகுதியை விட்டுவிடும். பேனலில் ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் போலரைசர் படலத்தை மஞ்சளாக்குவது அதுதான். அதற்கு 3 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட் போதும். கூரைக்குப் போடும் உள்ளே குழல் உள்ள ரகம் வேண்டாம், 'சாலிட், கிளியர்' என்று கேளுங்கள். அக்ரிலிக்கும் பார்க்க இதே போல் இருக்கும். ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள்: அக்ரிலிக் படக்கென்று உடையும், பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். தேவராஜ முதலி தெருக் கண்ணாடிக் கடைகளில் 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி கேட்டும் வாங்கலாம். இரண்டு 3 மி.மீ. கண்ணாடிக்கு நடுவில் 0.38 மி.மீ. பி.வி.பி. பிளாஸ்டிக் படலம் இருக்கும்; புற ஊதாவை நிறுத்துவது அந்தப் படலம். பால் வெள்ளைப் படலம் போட்டதும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஃப்ரெனல் லென்ஸ் (விளக்கின் ஒளியை நேராக்கிப் பேனலுக்கு அனுப்பும் தட்டை லென்ஸ்) பக்கம் வையுங்கள். விளக்குப் பக்கம் வைத்தால் பாலிகார்பனேட் தொய்யும், பி.வி.பி. குமிழ் விடும்.

சூட்டைச் சுமந்து வரும் அகச்சிவப்புதான் செலவு வைக்கும். மூர் மார்க்கெட்டில் பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டர் கண்ணில் பட்டால் திறந்து பாருங்கள். கண்டென்சர் லென்ஸ்களுக்கு நடுவே லேசான பச்சை நிறத்தில் ஒரு சதுரக் கண்ணாடி நிற்கும். வெப்பத்தை உறிஞ்சும் கண்ணாடி அதுதான். ஆசைப்பட்டு வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். உங்கள் பேனல் 344 × 194 மி.மீ. ஃப்ரெனலின் குவியத் தூரம் 220 மி.மீ. என்றால், 50 மி.மீ. அகலக் கண்ணாடியை விளக்கிலிருந்து 32 மி.மீ.யில் வைத்தால்தான் ஒளிக்கூம்பு முழுதும் அதற்குள் அடங்கும். அந்த இடத்தில் அது வெடித்துவிடும். பாதி வழியில், 110 மி.மீ.யில் வைக்க 172 × 97 மி.மீ. தேவை, சட்டத்துக்கும் சேர்த்து 180 × 105 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை ஹாட் மிரர்: போரோசிலிகேட் கண்ணாடியில் பூச்சு பூசியது. அகச்சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் என்பதால் தானும் அதிகம் சுடாது. ஆன்லைனில் கிடைக்கும், மேடை விளக்குகள் பழுது பார்க்கும் இடங்களிலும் கேட்டுப் பாருங்கள், டிஸ்சார்ஜ் விளக்கு போட்ட மூவிங் ஹெட் எனப்படும் சுழலும் மேடை விளக்குகளுக்குள் இந்த மாதிரிக் கண்ணாடி இருக்கும். சிக்கல் ஒன்று உண்டு. பூச்சு வேலை செய்வது நேராக வரும் ஒளிக்கு. சாய்ந்து வந்தால் தடுக்கும் எல்லை சிவப்புக்குள் இறங்கிவிடும். உங்கள் அளவுகளில் பேனலின் மூலைக்குப் போகும் ஒளி கண்ணாடியைச் சுமார் 42 பாகை சாய்வில் தொடும். திரையில் நாலு மூலையும் நீலம் பூக்கும். 7 அங்குலப் பேனலில் இதே சாய்வு 22 பாகைதான், அவ்வளவாகத் தெரியாது. ஆகவே பெரிய பேனலை விட மனமில்லை என்றால் உறிஞ்சும் கண்ணாடியையே, கே.ஜி.1 அல்லது அதற்கு நிகரானதை, மூன்று நான்கு பட்டைகளாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். நடு மட்டும் சூடேறி ஓரம் ஆறிக் கிடப்பதால்தான் முழுக் கண்ணாடி விரிசல் விடுகிறது. பட்டைக்கு அந்த இழுவிசை குறைவு. ஓரங்களைத் தேய்த்து வாங்குங்கள். பசை போட்டு ஒட்டாமல், சுற்றிலும் 1 மி.மீ. இடம் விட்டு கிளிப்பில் நிறுத்துங்கள். இரண்டு முகத்திலும் காற்று ஓட வேண்டும்.

கடைக்காரர் கொடுப்பது உண்மையான ஃபில்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், அம்பத்தூர்

அகச்சிவப்புக்கு டி.வி. ரிமோட்டே போதும், அது வெளியிடுவது சுமார் 940 நானோமீட்டர். செல்போனின் முன் கேமராவில் ரிமோட்டின் முனையைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள், வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மின்னும். நடுவில் கண்ணாடியைப் பிடித்தால் புள்ளி மறைய வேண்டும், அல்லது மங்கித் தேய வேண்டும். அப்படியே மின்னினால் அது ஜன்னல் கண்ணாடி. டி.வி. வேலை செய்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே டி.வி.க்குப் போதும்.

புற ஊதாவுக்கு, நோட்டு சோதிக்கும் விளக்கின் கீழ் ரூபாய் நோட்டை வையுங்கள். எண் வரிசை ஒளிரும். கண்ணாடியை நடுவில் நீட்டினால் அந்த ஒளிர்வு அணைய வேண்டும். விளக்கு 365 நானோமீட்டராக இருக்கட்டும். மலிவான டார்ச்சுகள் 395. நல்ல ஃபில்டரும் அதை விட்டுவிடும், வீணாகக் கடைக்காரரைச் சந்தேகப்படுவீர்கள்.

ஹாட் மிரரில் பூச்சு எந்தப் பக்கம் என்று அறிய பென்சில் நுனியைக் கண்ணாடியில் வையுங்கள். நுனியும் அதன் பிம்பமும் ஒட்டி நின்றால் அதுதான் பூச்சுப் பக்கம். இடைவெளி தெரிந்தால் மறுபக்கம். பூச்சு விளக்கைப் பார்க்க வேண்டும்.

மீன் தொட்டி மாதிரி மெல்லிய தண்ணீர்த் தொட்டி வைத்தால் போதாதா?
– வாசகர், தாம்பரம்

பாதி வேலை செய்யும். தண்ணீர் 1,400 நானோமீட்டருக்கு மேலே நன்றாக உறிஞ்சும். 700 முதல் 900 வரை பெரும்பாலும் விட்டுவிடும். மயில்துத்தம் கலந்தால் அந்த இடைவெளியும் அடையும், கூடவே சிவப்பும் போய்ப் படம் நீலமாகும். விளக்கைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு விடும் பெட்டிக்குள் கசியக்கூடிய தொட்டி வேண்டவே வேண்டாம்.

100 வாட் சி.ஓ.பி. எல்.இ.டி. (ஒரே தகட்டில் பல சில்லுகளை நெருக்கி வைத்தது) போட்டிருக்கிறேன். எனக்கும் இந்த ஃபில்டர்கள் தேவையா? இருபது நிமிடத்தில் படத்தின் நடுவில் கருப்புத் திட்டு விழுகிறது. அணைத்து ஆறவைத்தால் போய்விடுகிறது.
– வாசகர், வேளச்சேரி

இரண்டுமே வேண்டாம். வெள்ளை எல்.இ.டி. சுமார் 450 நானோமீட்டர் நீலத்திலிருந்து ஒளியை உண்டாக்குகிறது. கற்றையில் புற ஊதாவும் அகச்சிவப்பும் கணக்கில் சேராத அளவுதான். அதன் சூடு முதுகு வழியாக ஹீட் சிங்குக்குப் போகிறது.

திட்டு விழுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும் ஒளியேதான். பேனலின் முதல் போலரைசரே பாதியை விழுங்கும், மீதியில் பெரும்பகுதியைப் பேனலுக்குள் இருக்கும் வண்ண ஃபில்டர்கள் விழுங்கும். பேனலைத் தாண்டிப் போவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் பேனலிலேயே வெப்பமாகத் தங்குகிறது. ஓரளவுக்கு மேல் சூடானால் திரவப் படிகம் வெறும் திரவமாகி ஒளியைத் திருப்ப முடியாமல் போகிறது. அந்த இடம் கருப்பாகிறது. ஆறினால் திரும்பிவிடும். பழுப்பாக மாறி நிலைத்துவிட்டால் போலரைசர் கருகிவிட்டது என்று பொருள்.

ஃப்ரெனலுக்கும் பேனலுக்கும் நடுவே 15 மி.மீ. இடம் விட்டு, 12 வோல்ட் 120 மி.மீ. ஃபேன் ஒன்றைக் கீழிருந்து மேலாக, அந்தச் சந்துக்குள் ஊதும்படி வையுங்கள். ஹீட் சிங்கைத் தொட்டு வந்த காற்று அங்கே வரக்கூடாது. நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். மல்டிமீட்டரின் வெப்ப முனையைப் பேனலின் ஓரத்தில் ஒட்டி அளந்து பாருங்கள், நடுப்பகுதி அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஓரத்தில் 50 பாகை செல்சியஸைத் தாண்டினால் எல்.இ.டி. மின்னோட்டத்தைக் குறையுங்கள். ஜனவரி மாலையில் சரியாக ஓடியதை நம்பி விட்டுவிடாதீர்கள். மே மாதம் நம் ஊர் மொட்டை மாடி அறையில் பெட்டிக்குள் நுழையும் காற்றே 40 பாகை.